தாடையென்பில் ஒரு வெண்புள்ளி

ஜேர்மானிய அறிஞர் றொன்ட்ஜன் 1895ஆம் ஆண்டில் எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்தார். பல் வைத்தியர் எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படத்தில், கதிரைத் தடுக்கும் அடர்ந்த பொருள்கள் வெண்மையாகத் தோன்றும். தாடையென்பிற் காணும் வெண்புள்ளி யாவும் நோயாகுமோ என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, அடர்ந்த என்புத் தீவு. இது பெரும்பாலும் கீழ்த்தாடையில், கடைவாய்ப் பற்களின் வேரருகே காணப்படும். அளவிற் பெரும்பாலும் 2 சென்ரிமீற்றருக்கு உட்பட்டது. நோவில்லை; வீக்கமில்லை; இதற்குச் சிகிச்சையும் வேண்டியதில்லை.

இரண்டாவது, சொத்தையினாற் பல்லின் உள்ளிருக்கும் மச்சை அழற்சியுற, அன்றேல் இறந்துபட, வேர்நுனியைச் சூழ்ந்த என்பு இறுகுதல். இங்குச் சிகிச்சை வேண்டுவது பல்லுக்கே. வேரின் உட்குழாயைத் துப்புரவாக்கி அடைப்பர்; இயலாவிடிற் பல்லைப் பிடுங்குவர்.

படத்தில் இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றுதலுங் கூடும். ஆதலின் வைத்தியர் பல்லிற் குளிரூட்டி அதன் உணர்ச்சியைச் சோதிப்பர்.

வெண்புள்ளிகள் பலவாயின் மற்றொன்றையும் நாம் நினைத்தல் வேண்டும். பெருங்குடலில் முளைகள் தோன்றும் பரம்பரை நோயொன்றுக்கு அவை முன்னறிகுறியாகலாம். அம்முளைகளோ புற்றுநோயாக மாறவல்லன.

எனவே, படத்தை மட்டும் நம்பி நல்ல பல்லை இழத்தலும், நோவில்லையென்று நோயுற்ற பல்லைப் புறக்கணித்தலும் ஒருங்கே தவறென அறிவோமாக.