நம் அண்டை ஊர் மணப்பாடு

சரித்திரம் என்றதும் நாம் டெல்லியையும் தஞ்சாவூரையும் நினைக்கிறோம். திருச்செந்தூரிலிருந்து தெற்கே குலசேகரப்பட்டினத்தைத் தாண்டினால் மணப்பாடு வந்துவிடும். கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்று, அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், கீழே மீனவர் வீடுகள். சிறிய ஊர்தான். ஆனால் 480 ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து எழுதப்பட்ட கடிதங்களை உலகம் இன்றும் படிக்கிறது.

1540-ஆம் ஆண்டளவில் புயலில் பாய்மரம் முறிந்த போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவன், உயிர் தப்பியதற்கு நன்றியாக அம்மரத்தில் சிலுவை செய்து குன்றின்மேல் நாட்டினான் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. 1542-இல் புனித சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவர் தங்கிய குகை குன்றின் கடலோரச் சரிவில் இன்றும் உள்ளது. தமிழ் அறியாத அவர் செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத் தெருவாய்ச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். தாம் போக இயலாத நோயாளி வீடுகளுக்குச் செபம் சொல்ல அச்சிறுவர்களையே அனுப்பினார். நம் வயதுப் பிள்ளைகள்!

1544-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கன்னியாகுமரிப் பக்கத்துப் பரதவர் ஊர்களை வடுகர் படை தாக்கிச் சூறையாடியது. உயிர் பிழைத்தவர்கள் கடற்பாறைகளில் ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் மடிந்தார்கள். செய்தி கேட்ட சவேரியார் உணவுப் பொருள்களுடன் 20 தோணிகளை மணப்பாட்டிலிருந்து கிளப்பினார். ஜூன் மாதக் காற்று எப்படியிருக்கும் என்று நம் கடற்கரைப் பிள்ளைகளைக் கேட்டாலே தெரியும். எட்டு நாள் போராடியும் முனையை எட்ட முடியாமல் தோணிகள் திரும்பின. அவர் சோர்ந்துவிடவில்லை, கால்நடையாகவே போனார். நடக்கமாட்டாத கிழவர்களையும் வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்களையும் கண்டதாகத் தம் தோழர் மான்சிலாஸுக்கு எழுதினார். ஏழைகளை மணப்பாட்டுக்கே வரச் செய்தார். ஊரே அகதிகளுக்கு அடைக்கலமாயிற்று. மணப்பாட்டுப் பெருமைகளில் எங்களுக்குப் பெரிதாகத் தோன்றுவது இதுவே. வழிகாட்டிப் புத்தகங்களோ குகையோடு நின்றுவிடுகின்றன.

குன்றின்மேல் ஆலயம் 1581-இல் எழுந்தது. செப்டம்பர் 14-இல் மகிமைத் திருவிழா. ஊர்ப் பெண்கள் பனை ஓலையில் முடையும் பெட்டிகள் வெளியூர்களிலும் பேர் பெற்றவை. இப்போது அலைச்சறுக்கு விளையாடவும் பலர் வருகிறார்கள். போகிறவர்கள் குகையைப் பார்த்தபின், தெற்கே திரும்பி அந்தத் தோணிகள் போன கடலையும் சற்று நேரம் பாருங்கள்.