உணவும் ஒழுக்கமும்: யூத நெறி கற்பிக்கும் பாடம்

கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில், அரண்மனைக்கு அருகே, 1568ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட யூத வழிபாட்டுக் கூடம் இன்றும் நிலைத்து நிற்கிறது. அதைச் சூழ்ந்த தெருவில் பல தலைமுறைகளாக வாழ்ந்த யூதக் குடும்பங்களின் சமையலில் ஒரு தனித்தன்மை இருந்தது. இறைச்சி சேர்ந்த உணவில் அவர்கள் பால், தயிர், நெய் ஆகிய எதையும் சேர்ப்பதில்லை. குழம்புக்குச் சுவையும் செறிவும் தரத் தேங்காய்ப்பாலையே பயன்படுத்தினர். எலப்புள்ளி முதலிய பாலக்காட்டு ஊர்களில் ஓலனில் சேர்க்கப்படும் அதே தேங்காய்ப்பால்தான் அது. தொலைதூர நாடொன்றில் பிறந்த சமயச் சட்டத்தை வழுவாமல் காக்கக் கேரளத்துத் தென்னை அவர்களுக்குத் துணை செய்தது.

அந்தச் சட்டம் எது? அதனை யூதர்களின் பழைய பிரிவினர் எவ்வாறு புரிந்துகொண்டனர்? விதியும் உயிரும் எதிரெதிரே நின்றபோது அவர்கள் எதைக் காத்தனர்? உணவு ஒழுக்கத்தை ஆன்மிக வாழ்வின் அங்கமாகக் கருதும் எவரும் சிந்திக்கத் தக்க கேள்விகள் இவை.

விதியும் அதன் நோக்கமும்

யூதர்களின் முதன்மை மறையாகிய தோரா ஐந்து நூல்களைக் கொண்டது. அவற்றுள் லேவியராகமத்தின் 11ஆம் அத்தியாயமும் உபாகமத்தின் 14ஆம் அத்தியாயமும் உண்ணத் தகுந்தவை, தகாதவை ஆகியவற்றை வகுத்துரைக்கின்றன. நிலத்தில் வாழும் விலங்குகளில், குளம்பு பிளவுபட்டிருப்பதோடு அசைபோடவும் செய்பவையே உணவுக்கு உரியவை. பன்றிக்குக் குளம்பு பிளவுபட்டிருந்தாலும் அது அசைபோடுவதில்லை, ஆதலால் விலக்கப்பட்டது. நீரில் வாழ்பவற்றுள் துடுப்பும் செதிலும் உடையவற்றை மட்டுமே உண்ணலாம். குருதியில் உயிர் உறைகிறது என்பதால் அதனை உண்பது அறவே கூடாது. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலேயே சமைக்கலாகாது என்னும் கட்டளை தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. இறைச்சியையும் பாலையும் ஒருங்கே உண்ணாத பிற்கால வழக்கம் இதிலிருந்தே வளர்ந்தது.

இவ்விதிகளுக்கு உடல்நலக் காரணங்களைப் பிற்காலத்தார் கூறியதுண்டு. 12ஆம் நூற்றாண்டின் மெய்யியலாளரும் மருத்துவருமான மைமோனிதிஸ் அவர்களுள் ஒருவர். ஆயினும் லேவியராகமம் தன் விதிகளின் முடிவில் கூறும் காரணம் ஒன்றே: இறைவன் புனிதன், ஆகவே அவனைச் சார்ந்த மக்களும் புனிதராய் வாழவேண்டும். நாள்தோறும் நிகழும் உண்ணும் செயலைத் தற்செயலாக விடாமல் இறைநினைவோடு இணைப்பதே விதியின் நோக்கம்.

பிரிவுகள் மூன்று

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ், தம் காலத்து யூதர்களிடையே நிலவிய மூன்று நெறிகளைக் குறிப்பிடுகிறார். அவை பரிசேயர், சதுசேயர், எஸ்ஸீனர் என்பன. மூவருக்கும் மறை ஒன்றே. ஆனால் அதை வாழ்வில் பொருத்திய முறை வேறு.

சதுசேயருள் கோயில் குருமார் குலத்தவரும் செல்வரும் மிகுந்திருந்தனர். எழுதப்பட்ட சட்டமே அவர்களுக்குப் பிரமாணம். பரிசேயரோ, முன்னோர் வாய்மொழியாக வழங்கிய மரபும் சட்டத்தின் பகுதியே என்றனர். கோயிலில் குருமார் கடைப்பிடித்த தூய்மையைச் சாதாரண இல்லறத்தான் தன் வீட்டு உணவிலும் கடைப்பிடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆர்வம். உண்பதற்கு முன் கைகளைச் சடங்கு முறைப்படி கழுவியதும், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைச் செலுத்தாத உணவைத் தவிர்த்ததும் இதனாலேயே.

இவ்விரு சாராரிடையே எழுந்த ஒரு வாதம் தமிழருக்கு எளிதில் விளங்கக்கூடியது. தூய பாத்திரத்திலிருந்து தீட்டுற்ற பாத்திரத்தில் நீரை ஊற்றினால், இடையிலுள்ள நீர்த்தாரை வழியே தீட்டு மேலேறி வருமா? வரும் என்றனர் சதுசேயர். வராது என்றனர் பரிசேயர். எச்சில், பத்து என்று நம் வீடுகளில் பார்க்கப்பட்ட நுட்பங்களை அறிந்தவர்கள் இவ்வாதத்தைக் கேட்டு வியப்படைய மாட்டார்கள்.

எஸ்ஸீனர் துறவியரைப் போலக் கூடி வாழ்ந்தவர்கள். காலை வழிபாட்டுக்குப் பின் முற்பகல்வரை உழைப்பார்கள். பிறகு குளிர்ந்த நீரில் நீராடி, நார்மடி உடுத்து, உணவுக் கூடத்தினுள் கோயிலுக்குள் செல்வதுபோல் செல்வார்கள். ஒவ்வொருவருக்கும் அப்பமும் ஒரே வகை உணவும் பரிமாறப்படும். குரு இறைவனைத் துதித்த பின்னரே உண்பார்கள். உண்டு முடித்த பின்னும் துதி நடைபெறும். அவ்விடத்தில் நிலவிய அமைதி வெளியிலிருந்தோருக்கு ஏதோ மறைபொருள் போலத் தோன்றியதாம்.

1947 முதல் சாக்கடலின் கரையிலுள்ள கும்ரான் குகைகளில் பழஞ்சுவடிகள் கண்டெடுக்கப்பட்டன. அவை எஸ்ஸீனரைச் சார்ந்தவை என்பது அறிஞர் பலரின் கருத்து. புதிதாகச் சேர்ந்தவன் ஓராண்டு முடியும்வரை குழுவின் தூய உணவைத் தொடலாகாது. இரண்டாம் ஆண்டும் முடியும்வரை பானத்தைத் தொடலாகாது என்கிறது அவர்களுடைய ஒழுங்கு நூல். உண்ணும் உரிமை அங்கே உள்ளத்தின் பக்குவத்தைத் தொடர்ந்து வந்தது.

எகிப்தில் அலெக்சாந்திரியாவுக்கு அருகே தெரப்பியூட்டர் என்னும் யூதத் தவத்தோர் வாழ்ந்ததை மெய்யியலாளர் ஃபைலோ பதிவு செய்துள்ளார். பகற்பொழுது மறைநூல் சிந்தனைக்கு உரியது என்பதால், அவர்கள் கதிரவன் மறைந்த பின்பே உண்டனர். அப்பமும் உப்பும் நீருமே உணவு. இறைச்சியும் மதுவும் இல்லை. ஞானத்தின் சுவையில் தோய்ந்து, மூன்று நாட்களுக்கு ஒருமுறை மட்டுமே உண்டவர்களும் அவர்களிடையே இருந்தனர்.

உயிரும் விதியும் எதிர்நின்றபோது

கி.மு. 167ஆம் ஆண்டையொட்டி, நான்காம் அந்தியோக்கஸ் என்னும் கிரேக்க மன்னன் யூத சமயத்தை ஒடுக்க முனைந்தான். தொண்ணூறு வயதான எலெயாசர் என்னும் முதிய அறிஞரைப் பன்றி இறைச்சி உண்ணுமாறு வற்புறுத்தினர். அவரோடு பழகியிருந்த அதிகாரிகள் இரக்கங்கொண்டு, ஒரு வழி கூறினர்: அனுமதிக்கப்பட்ட இறைச்சியை அவரே கொண்டுவந்து, மன்னன் ஆணைப்படி உண்பதுபோல் நடித்தால் போதும். முதியவர் மறுத்துவிட்டார். எஞ்சிய சில நாள் வாழ்வுக்காகத் தாம் நடித்தால், இளைஞர்கள் அதை மெய்யென நம்பி வழிதவறுவார்கள் என்பது அவருடைய கவலை. அவர் அடித்துக் கொல்லப்பட்டார் என்று மக்கபேயரின் இரண்டாம் நூல் கூறுகிறது. தகுந்த உணவையே உண்ண வாய்ப்பிருந்தும் அவர் உயிரைத் துறந்தார் என்பதை இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவர் காத்தது உணவை மட்டுமன்று, வாய்மையை.

இதற்கு மறுபுறமும் உண்டு. எஸ்ஸீனர் குழுவிலிருந்து குற்றத்துக்காக நீக்கப்பட்டவன், தான் ஏற்ற சபதத்தின் காரணமாகப் பிறர் தரும் உணவை உண்ண இயலாமல், புல்லைத் தின்று உடல் மெலிந்து மடிவான் என்கிறார் ஜொசீபஸ். அத்தகையோர் பலரை, இறுதி மூச்சு ஊசலாடும் நிலையில், பட்ட துன்பமே போதுமென்று இரங்கிக் குழுவினர் மீண்டும் சேர்த்துக்கொண்டதையும் அவரே எழுதுகிறார். மிகக் கடுமையான விதியை உடையவர்களே கருணையின் பொருட்டுக் கதவைத் திறந்தனர்.

பிற்காலத்தில் யூதச் சட்டத்தைத் தொகுத்த மிஷ்னாவும் இதையே வேறு வகையில் கூறுகிறது. கடும்பசி நோயால் ஒருவன் வீழ்ந்தால், அவன் கண்கள் தெளியும்வரை விலக்கப்பட்ட உணவையும் ஊட்டலாம். தன் நெறியைத் துறக்குமாறு கொடியவன் மிரட்டும்போது விதிக்காக உயிரையும் ஈயலாம்; பசியால் வாடும் உயிருக்காக விதி விலகி வழிவிடும்.

பீடமாகிய உணவு மேசை

கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமர் எருசலேம் கோயிலை அழித்தனர். பலிபீடம் மறைந்தது, அதைச் சார்ந்திருந்த சதுசேயரும் மறைந்தனர். பரிசேயர் வழிவந்த ஆசான்கள் இல்லத்து உணவு மேசையே இனிப் பலிபீடம் என்று போதித்தனர். கோயில் நின்ற காலத்தில் பீடம் செய்த பாவநிவர்த்தியை, இன்று ஒருவனுடைய மேசை செய்கிறது என்பது தல்மூத் கூறும் கருத்து. ஏழைக்கு அங்கே இடமளிப்பதால்தான் மேசைக்கு அந்தப் பெருமை என்று உரையாசிரியர்கள் விளக்கினர்.

அந்த ஆசான்களும் எல்லாவற்றிலும் ஒத்த கருத்துடையவர்களாக இருக்கவில்லை. பறவைக்குத் தாய்ப்பால் இல்லை. ஆகவே அதன் இறைச்சிக்கும் பாலுக்கும் தடையில்லை என்றார் கலிலேயரான ரபி யோசே. ஏனையோர் அதை ஏற்கவில்லை. லேவி என்னும் அறிஞர் ஓரூரில் விருந்தினராய்ச் சென்றபோது, பாலில் சமைத்த மயிலின் தலையை அவர் முன் வைத்தனர். அவர் உண்ணவில்லை, வீட்டாரைக் கண்டிக்கவும் இல்லை. ஏன் கண்டிக்கவில்லை என்று பின்னர் அவருடைய ஆசான் கேட்டபோது, அவ்வூரின் ஆசான் ரபி யோசேயின் கருத்துப்படி கற்பித்திருக்கலாம் என்று எண்ணியதாக விடையளித்தார். தன் ஒழுக்கத்தில் உறுதி, பிறர் ஒழுக்கத்தில் பொறுமை என்னும் இரண்டும் அவரிடம் ஒருங்கே இருந்தன.

பாரத மண்ணில்

பாரதத்தின் மேற்குக் கரையில் இச்சட்டம் வாழ்ந்த வரலாறு நெகிழ்ச்சியூட்டுவது. கொங்கணத்தில் கப்பல் உடைந்து கரையேறியவர்களின் வழித்தோன்றல்கள் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் பெனே இஸ்ரேல் மக்கள், எண்ணெய் ஆட்டும் தொழில் செய்து வாழ்ந்தனர். சனிக்கிழமையில் செக்கை ஓட்டாததால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை வாணியர், என்று பெயர் பெற்றனர். மறைநூலும் எபிரேய மொழியும் ஏறத்தாழ மறந்துபோயின. டேவிட் ரஹாபி என்பவர் அங்கு வந்து, பலவகை மீன்களைக் கலந்து கொடுத்துச் சமைக்கச் சொன்னதாகவும், துடுப்பும் செதிலும் இல்லாதவற்றைப் பெண்கள் தனியே ஒதுக்கியதைக் கண்டு அவர்கள் யூதரே என்று தெளிந்ததாகவும் அச்சமூகத்தின் மரபு கூறுகிறது. நூல் மறந்தும் அடுக்களை மறக்கவில்லை.

கேரளத்திலோ, கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டிச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் செப்பேடு வழங்கிச் சிறப்புரிமைகள் அளித்தார். அம்மக்கள் தம் விதியைத் தாமே விரும்பிக் காத்தனர். புளிப்பு நீக்கிய பஸ்கா விழாவுக்குப் பல வாரங்கள் முன்னரே வீடு முழுவதையும் தூய்மை செய்து, அரிசியை மணி மணியாய்ப் பொறுக்கினர்.

ஆயினும் அங்கும் ஒரு குறை நேர்ந்தது. ஒரே விதிப்படி உண்டவர்களே பிறப்பைக் காட்டித் தம்முள் உயர்வு தாழ்வு கற்பித்தனர். அடிமை வழியினர் எனப்பட்டோர்க்கு மட்டாஞ்சேரிக் கூடத்தில் சம இடம் மறுக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டிலேயே எகிப்தின் பெரும் ஆசான் டேவிட் இபின் சிம்ரா, உரிய சடங்குக்குப் பின் அவர்களைச் சமமாக ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தும் பயனில்லை. 20ஆம் நூற்றாண்டில் ஏ. பி. சாலம் (1882–1967) என்னும் வழக்கறிஞர் காந்தியடிகளின் அறவழியில் நின்று போராடினார். அவர் காலத்திலேயே அத்தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பாத்திரங்களைப் பிரித்து வைக்கக் கற்பித்த விதி மனிதர்களைப் பிரிக்கச் சொல்லவில்லை என்பதை அச்சமூகம் வருந்தி உணர வேண்டியிருந்தது.

1948இல் இஸ்ரேல் நாடு உருவான பின், கேரள யூதருள் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். நெவாத்திம் முதலிய சிற்றூர்களில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர்.

உணவு விதி ஒரு வேலி. பயிர் இளமையாய் இருக்கும்போது வேலி இன்றியமையாதது. அது இல்லாத இடத்தில் ஒரு சமூகத்தின் நினைவே அழிந்துவிடக்கூடும். பெனே இஸ்ரேல் பெண்களின் மீன்கூடை அதற்குச் சான்று. ஆனால் வேலிக்கு ஒரு வாயிலும் வேண்டும். பசித்தவன் வரவும், தவறியவன் திரும்பவும், மாறுபட்டவன் அருகே அமரவும் அந்த வாயில் திறந்திருக்க வேண்டும். உண்ணும்முன் இது தூயதா என்று கேட்பவர், உண்ணும்போது அருகில் இருப்பவர் பசியாறினாரா என்றும் கேட்பாராயின், அவருடைய இலையும் மேசையும் பீடமாகும்.