காய்ச்சாத பாலும் கல் உப்பும்: வாங்குபவர் விருப்பம் எதுவரை?

வாடிக்கையாளர் கேட்ட சரக்கைக் கேட்ட நேரத்தில் கொடுப்பதே வணிகம் என்று நம் பெரியவர்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். "இல்லை" என்ற சொல் அடிக்கடி கேட்கும் கடையில் மறுநாள் கூட்டம் இருக்காது என்பதும் நாம் அறிந்ததே. ஆனால் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடலாமா? "சாப்பிடப் போவது நான்தானே, உங்களுக்கு என்ன?" என்று வாடிக்கையாளர் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது?

கன்னிவாடி போன்ற மலையடிவார ஊர்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இரண்டு பொருள்களில் அடிக்கடி வருகிறது. ஒன்று, காய்ச்சாத கறவைப் பால். மற்றொன்று, அயோடின் சேர்க்காத கல் உப்பு. இரண்டும் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு வந்தவை. ஆனால் சட்டம் இரண்டையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. ஏன் என்று புரிந்துகொண்டால் நம் தொழிலுக்கும் நல்லது, வாடிக்கையாளருக்கும் பதில் சொல்ல முடியும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உணவுச் சட்டம் யாருடைய அடுப்பங்கரைக்குள்ளும் வருவதில்லை. ஒருவர் தம் வீட்டுப் பசுவின் பாலைக் காய்ச்சாமல் குடித்தாலும், உப்பளத்திலிருந்து தாமே கொண்டுவந்த உப்பைச் சமையலில் போட்டாலும் அவரைக் கேட்பாரில்லை. சட்டம் நிற்பது விற்பனை நடக்கும் இடத்தில், அதாவது நம் தராசுக்கு முன்னால். உண்பது அவர் உரிமை. விற்பது நம் பொறுப்பு. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, "அவரே கேட்டு வாங்கினார்" என்று அதிகாரியிடம் சொல்வதால் பயனில்லை. வாங்குபவர் சம்மதம் விற்பவரின் குற்றத்தைத் துடைக்காது.

இப்போது நடப்பில் இருப்பது 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம். 1954 ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக, 2011 ஆகஸ்ட் 5 முதல் இதன் விதிகள் அமலுக்கு வந்தன.

பால்: சட்டம் விட்டுக்கொடுத்த இடம்

மேல்நாடுகளில் காய்ச்சாத பால் பெரிய வழக்காக இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து மறு மாநிலத்துக்கு அதை விற்பனைக்குக் கொண்டு செல்ல 1987 முதல் தடை. மாநிலத்துக்குள் விற்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்துகொள்கிறது. கலிபோர்னியாவில் கடையிலேயே விற்கலாம், வேறு சில மாநிலங்களில் கூடாது. ஸ்காட்லாந்தில் 1983 இல் விற்பனையைத் தடை செய்தார்கள். பக்கத்திலுள்ள இங்கிலாந்திலோ, எச்சரிக்கை வாசகத்துடன் பண்ணையாரே நேரில் விற்கலாம். எங்கள் உடம்பு, எங்கள் விருப்பம் என்று ஒரு சாராரும், பிள்ளைகளுக்கு அந்த விருப்பம் ஏது என்று மறு சாராரும் வாதாடுகிறார்கள். 2024 இல் அமெரிக்கக் கறவை மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் பரவி, காய்ச்சாத பாலில் அந்தக் கிருமி காணப்பட்டபோது வாதம் மேலும் சூடாகியது.

நம் நாட்டில் காய்ச்சாத பாலை விற்பதற்குத் தடை இல்லை. பால்காரர் பதிவு செய்திருக்க வேண்டும்; பாலில் கலப்படம் கூடாது; குறித்த தரம் இருக்க வேண்டும். பசும்பால் என்றால் கொழுப்பு 3.2 சதவீதம், கொழுப்பில்லாத மற்ற சத்து 8.3 சதவீதம். பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகி, கறக்கும் பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்றுபவருக்குப் பதிவும் தேவையில்லை.

அப்படியானால் கறவைப் பாலில் ஆபத்தே இல்லையா? உண்டு. மாட்டுக் காசநோய், கன்று வீச்சு நோய்க் கிருமி, வயிற்றுப்போக்குக் கிருமிகள் எல்லாம் பால் வழியாக மனிதருக்கு வரும். பின் ஏன் தடை இல்லை? நம் வீடுகளில் பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிப்பதில்லை என்பதுதான் காரணம் என்று நாம் நினைக்கிறோம். பாலைப் பாத்திரத்தில் ஊற்றியதும் அடுப்பில் ஏற்றுவது நம் பெண்களின் முதல் வேலை. புது வீடு புகுந்தாலும் பால் காய்ச்சுவதே முதல் சடங்கு. ஆலையில் 72 டிகிரி சூட்டில் 15 விநாடி வைத்துக் கிருமியைக் கொல்கிறார்கள். நம் வீட்டில் பொங்கும்வரை காய்ச்சுவது அதைவிட அதிகச் சூடு. சட்டம் செய்ய வேண்டியதைப் பழக்கமே செய்துவிடுகிறது.

அண்மைக் காலமாக "இயற்கை" என்ற பெயரில் பச்சைப் பாலாகவே குடிப்பது நல்லது என்று சிலர் பேசுகிறார்கள். நம் கடையில் கறவைப் பால் விற்றால், "காய்ச்சிக் குடியுங்கள்" என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்வது நம் கடமை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வாங்குபவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

உப்பு: சட்டம் பிடித்துக்கொண்ட இடம்

உப்பின் கதை வேறு. தைராய்டு சுரப்பி வேலை செய்ய அயோடின் வேண்டும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கடுகு முனையளவுகூட இல்லை. அந்தச் சிறிதளவும் கிடைக்காவிட்டால் கழுத்தில் கழலை வரும். கருவுற்ற தாய்க்குக் குறைந்தால் பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். அதைப் பின்னர் சரிசெய்ய முடியாது. மலைச் சரிவுகளில் மழை நீர் மண்ணிலுள்ள அயோடினை அரித்துக்கொண்டு போவதால் அங்கு விளையும் பொருளிலும் அது குறைவு. ஆடலூரும் பன்றிமலையும் தலைக்கு மேலே இருக்கும் நமக்கு இது தள்ளிவிடக்கூடிய சேதி அல்ல.

"தூத்துக்குடி உப்பு கடல் உப்புதானே, அதில் இல்லாத அயோடினா?" என்று பலர் கேட்கிறார்கள். கடல் மீனில் அயோடின் உண்டு; ஆனால் பாத்தியில் காய்ந்து எடுக்கும் உப்பில் தங்குவது மிகச் சொற்பம். தேவைக்குக் காணாது. அதனால்தான் தனியே சேர்க்க வேண்டியிருக்கிறது.

1956 இல் தொடங்கி, இன்றைய இமாசலப் பிரதேசத்தில் உள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்துப் பார்த்தபோது கழலை நோய் வெகுவாகக் குறைந்தது. அதன் அடிப்படையில் 1962 இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. 1984 இல் நாடு முழுவதற்கும் அயோடின் உப்பு என்று முடிவெடுத்தார்கள்.

தடையும் விலக்கும் மீண்டும் தடையும்

1997 நவம்பரில் வந்த அறிவிப்பின்படி, உண்பதற்காக அயோடின் சேர்க்காத உப்பை விற்பதற்கு 1998 மே முதல் நாடு முழுவதும் தடை. உடனே எதிர்ப்பு எழுந்தது. 1930 இல் காந்தியடிகள் தண்டிக்கும், ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடந்தது எதற்காக என்று காந்தியவாதிகள் கேட்டார்கள். சிறு உப்பளக்காரர்களை ஒழித்துப் பெரிய கம்பெனிகளை வளர்க்கும் வேலை என்றும் சொன்னார்கள். அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். 2000 செப்டம்பரில் மத்திய அரசே தடையை விலக்கிக்கொண்டது. உடல்நலக் காரியத்தை மக்கள் தெரிந்துகொண்டு தாமே தேர்ந்தெடுக்கட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம் என்பது அன்று சொன்ன காரணம்.

டாக்டர்கள் இதை ஏற்கவில்லை. 2005 நவம்பரில் மறுபடி அறிவிப்பு வந்து, 2006 மே 17 முதல் தடை திரும்பவும் அமலானது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2011 ஜூலை 4 இல் வந்த தீர்ப்பை ஒவ்வொரு வணிகரும் அறிந்திருக்க வேண்டும். கலப்படத் தடைச் சட்டம் கலப்படத்தைத் தடுக்க வந்தது. சாதா உப்பு கலப்படப் பொருள் அல்ல. ஆகவே அந்தச் சட்டத்தின் கீழ் இப்படி ஒரு விதி போட அரசுக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பொது நலன் கருதி, தடை மேலும் 6 மாதம் தொடரலாம், அதற்குள் அரசு முறையான வழி காணட்டும் என்றும் சொன்னது. அடுத்த மாதமே புதிய சட்டத்தின் விதிகள் நடைமுறைக்கு வந்தன; அவற்றில் உப்புத் தடையும் இடம்பெற்றது. இன்றுவரை நம்மைக் கட்டுப்படுத்துவது அதுதான்.

பாலுக்கு ஒரு நீதி, உப்புக்கு ஒரு நீதியா?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆபத்துள்ள பாலை விற்கலாம், ஆபத்தில்லாத உப்பை விற்கக் கூடாது என்றால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். பாலின் குறையை வீட்டுக்காரரே அடுப்பில் தீர்த்துவிடலாம். உப்பின் குறையை வீட்டில் தீர்க்க வழி கிடையாது. கண்ணால் பார்த்தோ நாவால் ருசித்தோ அயோடின் இருப்பதை அறிய முடியாது. அதன் பலனை அனுபவிப்பதும் வாங்குபவர் மட்டுமல்ல. இன்னும் பிறக்காத குழந்தையும்தான். அந்தக் குழந்தை நம் கடைக்கு வந்து எந்த உப்பு வேண்டும் என்று சொல்ல முடியாது.

கேசரிப் பருப்பையும் இதே வகையில் பாருங்கள். துவரம்பருப்பில் அதைக் கலந்துவிட்டால் சமைப்பவருக்குப் பிரித்தறிவது கடினம். தொடர்ந்து அதையே அதிகம் உண்பவருக்குக் கால் முடங்கும் நோய் வரும். தெரியாமல் உண்பவருக்கு விருப்பம் என்ற பேச்சே இல்லை. ஆகவே நாம் வகுத்துக்கொள்ளும் கணக்கு இது: வாங்குபவர் அறிந்து, தாமே சரிசெய்துகொள்ளக் கூடியதில் அவர் விருப்பத்துக்கு இடம் கொடுக்கலாம். அறியவும் முடியாது, சரிசெய்யவும் முடியாது என்றால் விற்பவர்தான் காவல் நிற்க வேண்டும்.

நம் மாநிலம் உப்பு விளைவிப்பதில் முன்னணியில் இருந்தும், 2018-19 இல் நடந்த அயோடின் கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் இந்தியாவில் 76.3 சதவீதம் என்றால் தமிழகத்தில் 61.9 சதவீதம்தான். இதில் மளிகைக் கடைக்காரர்களாகிய நம் பங்கும் இருக்கிறது.

கடையில் செய்ய வேண்டியவை

1. உண்பதற்கு விற்கும் உப்பு, கல் உப்பாயினும் தூள் உப்பாயினும், அயோடின் சேர்த்ததாக இருக்க வேண்டும். அயோடின் சேர்த்த கல் உப்பும் கிடைக்கிறது. கல் உப்பு கேட்பவரிடம் "இல்லை" என்று சொல்ல வேண்டியதில்லை.

2. சில்லறைக் கடையில் இருக்கும்போது 10 லட்சம் பங்கில் 15 பங்குக்குக் குறையாமல், அதாவது கிலோவுக்கு 15 மில்லிகிராம், அயோடின் இருக்க வேண்டும்.

3. உப்பு மூட்டையைக் கடைக்கு வெளியே போட்டு வைப்பது நம் பக்கத்து வழக்கம். உப்பை யாரும் திருட மாட்டார்கள் என்ற நம்பிக்கை சரிதான். ஆனால் வெயிலும் மழையும் அயோடினைத் திருடிவிடும். மூட்டையை உள்ளே, பலகை மேல், ஈரம் படாமல் வைக்க வேண்டும். முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும்.

4. மாட்டுக்கும், பொருள்களைப் பதப்படுத்தவும், தொழிற்சாலைகளுக்கும் சாதா உப்பு விற்கத் தடை இல்லை. திண்டுக்கல் தோல் தொழிலுக்கு அதுவே வேண்டும். ஆனால் என்ன உபயோகத்துக்கு என்று மூட்டையில் தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். "மாட்டுக்கு" என்று எழுதிய மூட்டையிலிருந்து சமையலுக்கு அள்ளிப் போடுவது சட்டத்துக்கும் விரோதம், மனசாட்சிக்கும் விரோதம். இரண்டையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். அளக்கும் படியும் தனியாக இருக்கட்டும்.

5. பில் இல்லாமல் சரக்கு எடுக்காதீர்கள். மொத்த வியாபாரி கொடுக்கும் பில்லையே அவர் தரும் உத்தரவாதமாகச் சட்டம் ஏற்கிறது. யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்குச் சில்லறைக் கடைக்காரரே பொறுப்பு. மொத்த வியாபாரிகளாகிய நாமும் பில் போடத் தயங்கக் கூடாது.

6. அதிகாரி மாதிரி எடுக்க வந்தால் தடுக்காதீர்கள். எடுத்த பொருளுக்கு அவர் விலை கொடுக்க வேண்டும். மாதிரியை 4 பாகமாக்க வேண்டும். ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. பகுப்பாய்வு அறிக்கை தவறு என்று கருதினால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தரக்குறைவு என்று முடிவானால் 5 லட்சம் ரூபாய் வரை, பொய்யான அல்லது தவறான விவரச் சீட்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஒரு சிறு கடையின் முதலே அதில் போய்விடும்.

சட்டம் பிடிக்காவிட்டால்?

சட்டம் சொன்னதெல்லாம் சரி என்று தலையாட்ட வேண்டியதில்லை. உப்பு வழக்கே அதற்குச் சாட்சி. எதிர்த்தவர்கள் நேர்வழியில் நீதிமன்றம் போனார்கள். விதி போட்ட முறை தவறு என்று தீர்ப்பும் வாங்கினார்கள். வணிகர்களுக்கும் குறைகள் உண்டு. ஆலையில் அயோடின் குறைவாகப் போட்டுவிட்டுச் சில்லறைக் கடைக்காரரைப் பிடிப்பது நியாயமில்லை. சிறு உப்பளங்களுக்கு அயோடின் சேர்க்கும் வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமே. இவற்றைச் சங்கத்தின் மூலம் எழுத்தில் கேட்போம். ஊர் ஊராகச் சேர்ந்து கேட்போம். சீட்டை மாற்றி விற்பது சட்டத்தை எதிர்ப்பது ஆகாது. அது நம்மை நம்பி வந்தவரை ஏமாற்றுவது ஆகும்.

வாடிக்கையாளரின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுப்போம். பாலைக் காய்ச்சுங்கள் என்று சொல்லி விற்போம். உப்பை அயோடின் பார்த்து விற்போம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பு விற்றவரையும் ஊர் நல்லவிதமாக நினைக்கும்படி நடந்துகொள்வோம்.