பால்கனித் திரையும் சொசைட்டி விதியும்

மே மாதம் பாதி கடந்துவிட்டால் மும்பையில் மூங்கில் தட்டி விற்பவருக்கும் பிளாஸ்டிக் திரை மாட்டுபவருக்கும் நல்ல கிராக்கி. ஜூன் இரண்டாவது வார வாக்கில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். கடற்காற்றில் மழை நேராக விழாது, சாய்ந்து அடிக்கும். மேற்குப் பார்த்த பால்கனியானால் துணி காயாது, கூடம் வரை ஈரம் வரும். ஆகவே திரை ஆடம்பரம் அன்று, தேவை.

ஆனால் "என் வீடு, என் பால்கனி, நான் யாரைக் கேட்க வேண்டும்?" என்ற கேள்வியில்தான் தகராறு தொடங்குகிறது. எங்கள் சொசைட்டியின் செயற்குழுவில் சில ஆண்டுகள் பணியாற்றியபோது இக்கேள்வியை ஒவ்வொரு மழைக்காலத்திலும் கேட்டிருக்கிறேன். சட்டமும் பொறியியலும் இதற்குத் தனித்தனியே விடை சொல்கின்றன. இரண்டு விடையும் ஒன்றுதான்.

சட்டத்தின் விடை

நம்மில் பெரும்பாலோர் வசிப்பது 1960-ஆம் ஆண்டு மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவான வீட்டுவசதிச் சங்கங்களில். பிளாட்டின் உட்புறம் நம் உபயோகத்துக்கு. வெளிச்சுவர், பீம், மேல்தளம் எல்லாருக்கும் பொது. பிளாட்டில் எதையும் கூட்டவோ மாற்றவோ செயற்குழுவின் முன் அனுமதி எழுத்தில் வேண்டும் என்பது மாதிரி உபவிதிகளில் உள்ளது. படிக்கட்டில் செயலாளர் "போட்டுக்கொள்ளுங்கள் சார்" என்று சொன்னது அனுமதி ஆகாது.

ரயில்வேயில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. தண்டவாளத்தில் கைவைக்குமுன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் முறைப்படி 'பிளாக்' வாங்கிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பத்து நிமிட வேலைதான் என்றாலும் அதில் விலக்கு இல்லை. அங்கே போகிற உயிர் வேலை செய்பவனுடையது. இங்கே ஆபத்து கீழே நடப்பவருக்கு.

ஒன்றைப் பிரித்து அறிய வேண்டும். சுருட்டி இறக்கும் திரை வேறு. கண்ணாடி, அலுமினியச் சட்டம் போட்டுப் பால்கனியை அறையாக்குவது வேறு. இரண்டாவதற்குச் சொசைட்டி மட்டும் சம்மதித்தால் போதாது, மாநகராட்சியின் அனுமதியும் வேண்டும்.

பொறியியலின் விடை

பத்தடி அகலம், ஏழடி உயரமுள்ள திரையின் பரப்பு சுமார் 6.5 சதுர மீட்டர். அதை இறக்கிக் கீழே இறுகக் கட்டிவிட்டால் அது ஒரு பாய்மரம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். தோராயக் கணக்கு இது:

மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று: திரை மீது 40 கிலோ விசை.
மணிக்கு 72 கிலோமீட்டர்: 160 கிலோ.
மணிக்கு 100 கிலோமீட்டர்: 300 கிலோ.

கடைசி வரி வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2021 மே மாதம் டவ்தே புயல் மும்பையை ஒட்டிக் கடந்தபோது நகரில் காற்று 100 கிலோமீட்டரைத் தாண்டியது. இந்த விசையை நான்கு சிறு திருகாணிகளும் பிளாஸ்டிக் கட்டைகளும் தாங்குமா?

எங்கள் கட்டடத்திலேயே ஒருமுறை ஏழாவது மாடித் திரையின் அடிக்குழாய் இரவில் கழன்று, கீழே நின்ற ஸ்கூட்டரின் இருக்கையைக் கிழித்தது. மாலை வேளைகளில் குழந்தைகள் பந்து விளையாடும் இடம் அது. இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் இரண்டே விநாடியில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். "பார்த்துக்கொள்" என்று கத்தக்கூட நேரமில்லை.

அடுத்தது துளை. பீமிலும் மேல்தளத்திலும் கம்பிக்கு மேலே உள்ள கான்கிரீட் பூச்சு ஏறக்குறைய ஓர் அங்குலம்தான். கண்ட இடத்தில் துளையிட்டால் அதன் வழியே உப்புக்காற்றும் நீரும் கம்பியை அடையும். துருப்பிடித்த இரும்பு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். மேல்வீட்டார் போட்ட துளைக்குக் கீழ்வீட்டார் கூரையில் ஒழுக்கு காண்பது இப்படித்தான்.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியவை

பால்கனியின் நீளம், உயரம். திரையின் துணி, நிறம். சட்டமும் ஆணிகளும் எங்கே, எத்தனை, என்ன உலோகம். கட்டட விளிம்புக்கு வெளியே எதுவும் நீளாது என்ற உறுதி. வேலை செய்பவர் விவரம். கழற்றும்போது துளைகளை அடைத்துத் தருவதாக ஒப்புதல். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியுடன் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.

துருப்பிடிக்காத எஃகு ஆங்கர் போல்ட்டே கடற்கரை ஊருக்கு ஏற்றது. அடிக்குழாயை இரு முனையிலும் தனிக் கயிற்றால் கைப்பிடிக் கம்பியோடு பிணையுங்கள். திரை கிழிந்தாலும் குழாய் விழாது. பலத்த காற்று எச்சரிக்கை வந்தால் திரையைச் சுருட்டிவிட வேண்டும். நனைந்தால் பரவாயில்லை. மழைக்காலம் முடிந்ததும் கழற்றி உள்ளே வையுங்கள். தீபாவளி ராக்கெட் ஒன்று பிளாஸ்டிக் திரையில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

செயற்குழுவினருக்கு

உறுப்பினர் விதியை மதிக்க வேண்டுமானால் விதி தெளிவாக இருக்க வேண்டும். ஒருவருக்கு நீலம், ஒருவருக்குப் பச்சை, வேண்டாதவருக்கு மறுப்பு என்று இருந்தால் யாரும் கேட்டுச் செய்யமாட்டார்கள். ஒரே நிறம், ஒரே பொருத்தும் முறை, விண்ணப்பத்துக்குப் பதில் தர ஒரு கெடு என்று பொதுக்குழுவில் தீர்மானம் செய்துவிடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தாருங்கள். காரணமின்றி மறுக்கப்பட்டவர் பொதுக்குழுவில் கேட்கலாம். அங்கும் தீராவிட்டால் கூட்டுறவுத் துறையின் பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. மறுப்பைக் கண்டு கோபித்து, இரவோடிரவாகத் திரையை மாட்டுவது மட்டும் வழியல்ல.

ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30-க்குள் நடந்தாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் தீர்மானத்தை வைத்து, குளிர்காலத்தில் விலைப்பட்டியல் வாங்கி, ஏப்ரலில் வேலையை முடித்தால், ஜூனில் முதல் மழை வரும்போது திரையும் இருக்கும், அண்டை வீட்டாரோடு பேச்சுவார்த்தையும் இருக்கும்.