மறுபடியும் கேளுங்கள்
(வியாதியஸ்தரின் வலியைக் குறித்து ஒரு பாடம்)



பெத்சாயிதா ஊருக்கு வெளியே நடந்த ஒரு சுகமாக்குதலை மாற்கு 8ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவர் பார்வையற்ற மனுஷன்மேல் கைகளை வைத்தார். அதோடு விட்டுவிடாமல், ஏதாவது தெரிகிறதா என்று அவனிடமே விசாரித்தார். அரைகுறையாகத்தான் தெரிகிறது என்று அவன் உள்ளதைச் சொன்னான். மறுபடியும் கைகளை வைத்தார். அதன்பின் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

சிகிச்சை கொடுத்தபின் திரும்பி வந்து கேட்பது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் அது ஒருவருடைய கையைக் காப்பாற்றும். சில வேளை உயிரையே காப்பாற்றும்.

1. ஏன் கேட்கத் தவறுகிறோம்?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் துறைமுகம், கன்டெய்னர் யார்டு, தொழிற்சாலை, மீன்பிடித் தொழில் எல்லாம் அருகருகே இருக்கின்றன. நசுங்கிய விரல், முறிந்த கால், கொதிநீர் பட்ட காயம், மீன்முள் குத்து என்று இங்கே வலியோடு வருகிறவர்கள் அநேகர். வந்தவுடன் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டு ஊசி போடுகிறார்கள். பிறகு அவரை எக்ஸ்ரேக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் ஷிப்ட் மாறுகிறது. ஊசி போட்ட சிஸ்டர் வீட்டுக்குப் போய்விடுகிறார். புதிதாக வந்தவருக்கு அந்த ஊசி வேலை செய்ததா என்று தெரியாது.

வியாதியஸ்தரும் வாய் திறப்பதில்லை. "சிஸ்டருக்கு எவ்வளவு வேலை, நாம் வேறு தொந்தரவு கொடுக்கலாமா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். கண்ணை மூடியிருக்கிறார் என்பதற்காக வலி இல்லை என்று எண்ணக்கூடாது.

2. எப்போது, எப்படிக் கேட்பது?

நரம்பில் போடும் வலி மருந்தின் பலன் ஏறக்குறைய 15 முதல் 30 நிமிடத்தில் தெரிய வேண்டும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அந்த வேளையில் திரும்பிப் போய்க் கேட்க வேண்டும். வலி இல்லையென்றால் 0, தாங்கவே முடியாதென்றால் 10 என்று வைத்துக்கொண்டு, முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேட்டு, நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். சிறுபிள்ளைகளுக்கும், தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளருக்கும், சிரிப்பு முதல் அழுகை வரை முகங்கள் வரைந்த அட்டையைக் காட்டலாம். நம் நாட்டில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் என்.ஏ.பி.எச். அமைப்பின் விதிகளும் வலியை அவ்வப்போது மறுபடியும் மதிப்பிடும்படி சொல்லுகின்றன.

3. குறையாத வலி ஓர் எச்சரிப்பு

பாரமான பொருளுக்கு அடியில் முழங்கை நசுங்கிய ஒரு தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். மாவுக்கட்டுப் போட்டாயிற்று, ஊசியும் போட்டாயிற்று. ஆனாலும் வலி ஏறிக்கொண்டே போகிறது. விரலை மெல்ல நீட்டிவிட்டாலே துடிக்கிறார். தசைகளைச் சுற்றியுள்ள உறைக்குள் வீக்கத்தினால் அழுத்தம் கூடி, இரத்த ஓட்டம் தடைப்படுவதன் அடையாளமாக இது இருக்கலாம். மருத்துவர்கள் இதைக் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்பார்கள். கட்டை உடனே தளர்த்தி, தேவைப்பட்டால் உறையை அறுத்து அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். சுமார் ஆறு மணி நேரம் தாண்டினால் தசை நிரந்தரமாகச் செத்துப்போகக்கூடும். இந்தப் பகுதியில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971 முதல் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது. ஆனால் காலத்தோடு கண்டுபிடித்து அனுப்பினால்தான் எந்த நிபுணராலும் உதவ முடியும்.

காசிமேட்டு மீனவர்கள் திருக்கை முள், கெளுத்தி முள் குத்தை நன்றாய் அறிவார்கள். பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காயத்தை வைத்திருந்தால் பெரும்பாலும் வலி தணியும். தணியாவிட்டால் முள் உள்ளே முறிந்து தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுபோல, "வாயு" என்று நினைத்து மருந்து கொடுத்த நெஞ்சுவலி திரும்ப வந்தால், முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் மறுபடியும் எடுக்க வேண்டும்.

4. எண் மட்டும் போதாது

அமெரிக்காவில் 1995இல் ஜேம்ஸ் கேம்பல் என்ற மருத்துவர், நாடி, காய்ச்சலைப் போல வலியையும் தவறாமல் கவனிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நோக்கம் நல்லது. ஆனால் எண்ணைக் குறைப்பதே குறியாகி, அபின் வகை மருந்துகள் அளவுக்கு மிஞ்சிப் போக இதுவும் ஒரு காரணமாயிற்று என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே அந்த வழக்கத்தைக் கைவிடும்படி தீர்மானித்தது.

ஆகவே திரும்பக் கேட்பது இன்னொரு ஊசி போடுவதற்காக மட்டும் அல்ல. விரலை அசைக்க முடிகிறதா, ஆழமாய் மூச்சு விட முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். மார்பின் போன்ற மருந்து கொடுத்திருந்தால், மயங்கித் தூங்குகிறாரா, மூச்சு மந்தமாகிறதா என்றும் கவனிக்க வேண்டும். சில வேளைகளில் கையை உயர்த்தி வைப்பதும், முறிந்த எலும்பை அசையாமல் கட்டுவதும் ஊசியைவிட அதிகமாய் உதவும்.

5. நாம் செய்யக்கூடியது

வியாதியஸ்தரோடு துணைக்குப் போகிற ஒவ்வொருவரும் மருந்து கொடுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். அரை மணி கழித்து அவரிடம் கேளுங்கள். வலி கூடினாலோ, விரல் மரத்துப்போனாலோ, நிறம் மாறினாலோ தயங்காமல் சிஸ்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிகளைத் தாங்குகிற நாம் கட்டிலுக்கும் கருவிக்கும் கொடுக்கிறோம். திரும்பி வந்து கேட்பதற்கு ஆள் வேண்டும். இரவிலும் போதுமான சிஸ்டர்கள் இருப்பதற்குக் கொடுக்கும் காணிக்கையும் அதே அளவு அவசியமானது.

சிந்திக்க:

1. பெத்சாயிதா மனுஷன் "நன்றாய்த் தெரிகிறது" என்று மரியாதைக்காகச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

2. நம் சபையில் சுகவீனமாயிருந்து வீடு திரும்பினவர்களை, முதல் நாளுக்குப் பிறகு யார் போய் விசாரிக்கிறார்கள்?