கியரைக் கழற்றினால் வேலை முடிந்ததா?

காரைக்காலுக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே, கடலை ஒட்டிய சமதரையில் இருக்கிறது கோட்டுச்சேரிமேடு. சைக்கிள்காரருக்கு இங்கே எதிரி மேடல்ல, உப்புக்காற்று. கியர் கேபிள் துருவேறி இறுகிவிட்டால் ஏழு கியர் வண்டியும் ஒரே கியரில்தான் ஓடும். ‘பேசாமல் சிங்கிள் ஸ்பீடாக மாற்றிவிடலாமே’ என்று அப்போது தோன்றும். தாராளமாக மாற்றலாம், சில நம்பிக்கைகளை மட்டும் முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: கியரைக் கழற்றி, செயினை வெட்டிச் சேர்த்தால் போதும்.

உண்மை: பின்னால் தொங்கும் டிரெயிலியர் கியரை மாற்றுவதோடு, செயினின் தொய்வையும் இழுத்துப் பிடிக்கிறது. அது போனால் இழுத்துப் பிடிக்க ஆளில்லை. சாதாரண வண்டியில் பின் அச்சு உட்காரும் பிளவு நீளவாக்கில் இருக்கும். நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தால் செயின் விறைத்துவிடும். பல கியர் வண்டிகளில் அந்தப் பிளவு செங்குத்தானது, அச்சு நகராது. செயினையோ ஒவ்வோர் அங்குலமாகத்தான் குறைக்க முடியும். ஆகவே தனியாக ஒரு டென்ஷனர் தேவைப்படும். செயினின் நடுவே விரலால் தூக்கிப் பார்த்தால் அரை அங்குலம் அசையலாம். அதற்கு மேல் தொங்கினால் பள்ளத்தில் இறங்கும்போது கழன்றுவிடும்.

நம்பிக்கை: பின்சக்கரத்தையே புதிதாக வாங்க வேண்டும்.

உண்மை: பெரும்பாலும் தேவையில்லை. கேசட் ஹப் என்றால் ஒரே பல்சக்கரத்தையும் இடைவளையங்களையும் கோத்துவிடலாம். வளையங்களை மாற்றி அடுக்கி, பல்சக்கரத்தை முன் பல்சக்கரத்துக்கு நேர்க்கோட்டில் நிறுத்தலாம். மரையில் திருகும் ஃப்ரீவீல் என்றால் பழையதைக் கழற்றி ஒற்றை ஃப்ரீவீலைத் திருகலாம். ஆனால் அது கம்பிகளை ஒட்டி உள்ளே போய் உட்காரும். அச்சின் வலப்பக்க வாஷர்களில் சிலவற்றை இடப்பக்கம் மாற்றினால் செயின் நேராகும். ரிம் வலப்பக்கம் ஒதுங்கும். இடக் கம்பிகளை முறுக்கி, வலக் கம்பிகளைத் தளர்த்தி ரிம்மை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பெண்டு எடுக்கத் தெரிந்தவர் கையில் கொடுப்பது நல்லது. இரு பக்கக் கம்பிகளின் இறுக்கமும் நெருங்கிவருவதால் சக்கரம் முன்பைவிட உறுதியாகும்.

நம்பிக்கை: பழைய கேசட்டிலிருந்து ஒரு பல்சக்கரத்தை எடுத்துப் போட்டால் செலவு மிச்சம்.

உண்மை: அந்தப் பற்கள் செயின் எளிதில் தாவுவதற்காகவே குட்டையாகவும் சரிவாகவும் வெட்டப்பட்டவை. சிங்கிள் ஸ்பீடுக்கு உயரமான, நேரான பல் வேண்டும்.

நம்பிக்கை: மாற்றிவிட்டால் பராமரிப்பே இல்லை.

உண்மை: துருப்பிடிக்கும் பாகங்கள் குறையும், அவ்வளவுதான். கடற்காற்றில் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டே ஆக வேண்டும்.

நம்பிக்கை: கியர் இல்லாவிட்டால் தொலைதூரம் ஓட்ட முடியாது.

உண்மை: 1903இல் தொடங்கிய டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் 1937 வரை டிரெயிலியருக்கு அனுமதியில்லை. பின்சக்கரத்தின் இரு புறமும் வெவ்வேறு அளவுப் பல்சக்கரம் பொருத்தி, மலையடிவாரத்தில் சக்கரத்தைத் திருப்பிப் போட்டு ஏறியவர்கள் உண்டு.

சமதரையில் அந்தத் தொல்லை இல்லை, காற்று உண்டு. கார்த்திகையில் காரைக்காலிலிருந்து வடக்கே திரும்பும்போது வாடை முகத்தில் அறையும். கியர் வண்டிக்காரர் கியரை இறக்கிக்கொள்வார். மற்றவர் சீட்டைவிட்டு எழுந்து மிதிக்க வேண்டும். 26 அங்குலச் சக்கரத்தில் முன்னே 42 பல், பின்னே 16 என்றால் மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும். பின்னே 18 போட்டால் 4.8 மீட்டர். மழைக்காலத்திலும் ஓட்டுகிறவர் 18 பல்லைக் கேட்டு வாங்கலாம்.