நீர் நடக்கத் தொடங்கும் காலம்

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வெர்மான்ட் மாநிலத்தின் மலைக்கிராமம் ஒன்றில் குடியேறிய முதல் ஆண்டிலேயே அவ்வளவு நீண்ட பனிக்காலத்தைக் கண்ட உனக்கு, மார்ச் பிறந்ததும் ஊரார் அனைவரும் வசந்தம் வந்துவிட்டதென்று மகிழ்ந்து பேசிக்கொள்ள, ஜன்னலுக்கு வெளியே முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடப்பதைப் பார்த்து வியப்பும் சலிப்பும் ஒருங்கே தோன்றியதில் அதிசயமில்லை. “ஒரு பூவைக்கூடக் காணோமே, மாமா, இவர்கள் எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பிரதேசத்தில் பல ஆண்டுகள் வசித்தவன் என்ற உரிமையில் விடை எழுதுகிறேன்.

மாந்தளிரையும் வேப்பம்பூவையும் குயிலோசையையும் கொண்டே வசந்த ருதுவை அறிந்து பழகிய நாம், எங்கே போனாலும் முதலில் பூவைத்தான் தேடுகிறோம். அங்கே காட்டுத் தரையில் பூ மலர்வதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வசந்தம் பிறந்துவிடுகிறது. அதைக் காண விரும்பினால் நீ தண்ணீரைக் கவனிக்க வேண்டும், அம்மா. மாதக்கணக்கில் உறைந்து கிடந்த நீர், எந்தெந்த இடத்தில், எந்தெந்த விதமாய் அசையத் தொடங்குகிறது என்பதை அறிந்தவர்களுக்கே அந்நாட்டு இளவேனிலின் முதற்பகுதி புலப்படும்.

காரணம் சூரியன்தான். மார்ச் மாதத்தில் உங்கள் ஊரில் பகற்பொழுது நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 நிமிஷம் நீள்கிறது. காற்றில் குளிர் குறையாதிருக்கும்போதே, கருநிற மரத்தண்டுகள் கிரணங்களின் உஷ்ணத்தை வாங்கிக்கொள்வதால், ஒவ்வொரு மரத்தின் அடியைச் சுற்றியும் பனி உருகி வட்டமான பள்ளம் உண்டாகிறது. வெயில் ஏறிய ஒரு பகலில் அந்தப் பள்ளத்தருகே குனிந்து உற்றுப் பார். வெண்பனியின் மேல் மிக நுண்ணிய கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். தூசியென்று நினைத்துக் கையை நீட்டுவதற்குள் அவை துள்ளி விலகும். மண்ணிலும் சருகிலும் வாழும் அந்தச் சிறு உயிர்களைப் பனித்தெள்ளு என்பார்கள். நம்மைக் கடிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் இவற்றுக்கும் உறவில்லை.

ஆயினும் அந்தக் கிராமத்து ஜனங்களுக்கு முதற்குறி மேப்பிள் மரமே. சர்க்கரை மேப்பிள் என்னும் அவ்வினத்து மரங்களில் சிறு துளையிட்டு, குழாய்முனையைச் செருகி, மூடியிட்ட வாளியைத் தொங்கவிட்டிருப்பதை நீ கண்டிருப்பாய். இரவில் தண்ணீர் உறைய வேண்டும், பகலில் உருக வேண்டும். இந்த இரண்டும் மாறிமாறி நிகழும் சில வாரங்களில் மட்டுமே அம்மரத்தின் சாறு சுரக்கிறது. ஏன் என்று கேள். மேப்பிள் மரக்கட்டையின் நார்களுக்குள் நீருக்குப் பதிலாக வாயு நிறைந்திருக்கிறது. இரவில் உறைபனி அந்நார்களின் உட்புறத்தில் படிந்து வாயுவை நெருக்குகிறது. அதனால் ஏற்படும் இழுப்பில் வேர்வழியே மண்ணின் ஈரம் மேலேறுகிறது. பகலில் பனி உருக, நெருக்குண்ட வாயு மீண்டும் விரிந்து, சாற்றை அழுத்தித் தள்ளுகிறது; துளை கிடைத்த இடத்தில் அது சொட்டுகிறது. அதிலுள்ள இனிப்போ, சென்ற கோடையில் இலைகள் தயாரித்து, மரம் மாவுப்பொருளாய்ச் சேமித்து வைத்த செல்வம். இலையே இல்லாத மரம், தன் பழைய சேமிப்பைப் புதிய தளிருக்காகக் கரைத்து அனுப்பும் நேரத்தில், மனிதன் அதில் ஒரு சிறு பங்கைக் கேட்டு வாங்குகிறான். ஐரோப்பியர் வருமுன்பே அந்த மண்ணில் வாழ்ந்த அபெனாகி மக்கள் இந்த வித்தையை நன்கு அறிந்திருந்தார்கள்.

நம் பனையேறிகள் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதைப் போன்ற தொழில்தான் இதுவும். ஆனால் மேப்பிள் சாறு பதநீரின் தித்திப்பில் சிறு பங்கே உடையது, நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே சர்க்கரை உள்ளது. ஆகவே 1 லிட்டர் பாகு வேண்டுமானால் ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைச் சுண்டக் காய்ச்ச வேண்டும். கொட்டகையின் கூரைத் திறப்பு வழியே இரவு பகலாக வெண்ணிற ஆவி எழுவதைக் கண்டால், உள்ளே யாரோ உறங்காமல் அடுப்பைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அறிந்துகொள். அமெரிக்காவில் உற்பத்தியாகும் மேப்பிள் பாகில் ஏறக்குறைய பாதியை அந்தச் சின்ன மாநிலமே தருகிறதென்றால், அவ்வுழைப்பு எத்தகையதென்று சொல்ல வேண்டியதில்லை. மொட்டுக்கள் பருக்கத் தொடங்கியதும் சாற்றின் சுவை கெட்டுவிடும். தொழில் அதோடு முடிந்தது. காய்ச்சிய பாகைப் புதுப்பனியின் மேல் ஊற்றி, அது இறுகியதும் எடுத்துத் தின்னும் வழக்கம் ஒன்று உண்டு. கூடவே ஊறுகாய் வெள்ளரியும் தருவார்கள், தயங்காமல் சாப்பிடு.

அடுத்து, உன் தந்தையார் அலுத்துக்கொள்ளும் சேறு. மண் மேலிருந்து உருகுகிறது. கீழே இன்னும் உறைந்திருப்பதால் உருகிய நீர் இறங்க வழியின்றி மேலேயே தேங்கிப் பாதையைக் குழைத்துவிடுகிறது. வெர்மான்ட் சாலைகளில் பாதிக்கு மேற்பட்டவை தார் காணாத மண்சாலைகள். மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமையன்று ஊர்மக்கள் ஒன்றுகூடி, நேரிலேயே வாதித்து வாக்களிக்கும் ஊர்க்கூட்டத்தில், சாலைச் செலவு முக்கிய விஷயமாக இருப்பதில் வியப்பென்ன? அந்தச் சம்பிரதாயத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பெரியவர்கள் போகும்போது நீயும் உடன் சென்று, ஓரமாய் அமர்ந்து கவனி. இனி, குளத்துப் பனி. மேற்கு டான்வில் ஊரின் ஜோஸ் குளத்தில் பனிக்கட்டியின் மேல் சிமெண்டுக் கல் ஒன்றை வைத்து, கரையிலுள்ள கடிகாரத்தோடு கயிற்றால் பிணைத்திருப்பார்கள். பனி உடைந்து கல் மூழ்கும்போது கடிகாரம் நின்றுவிடும். பெரும்பாலும் ஏப்ரல் பிற்பகுதியில் நிகழும் அந்தக் கணத்தை முன்கூட்டியே கணித்துச் சொல்ல ஊரெல்லாம் போட்டியிடுகிறது.

பறவைகளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. சதுப்பு நிலத்து நாணலில் அமர்ந்து, தோளின் செந்நிறம் தெரியச் சிறகை விரித்துக் கூவும் கரும்பறவையை நீயே இனங்கண்டுகொள்வாய். முதலில் வந்து இடம் பிடிப்பவை ஆண்பறவைகள்.

என் மனத்தை எப்போதும் கவர்ந்தது காட்டுத் தவளைதான். சருகுக்கு அடியில் குளிர்காலத்தைக் கழிக்கும் அப்பிராணியின் உடலிலுள்ள நீரில் மூன்றில் இரண்டு பங்கு வரை உறைந்துபோகிறது. சுவாசம் நிற்கிறது, இருதயமும் நிற்கிறது. ஈரல் வெளியிடும் சர்க்கரை இரத்தத்தில் பரவி, உயிரணுக்களின் உட்புறத்தை உறையாமல் காக்கிறது. மண் இளகியதும் இருதயம் மறுபடி துடிக்கத் தொடங்க, சில நாட்களில் அது காட்டுக்குட்டையை அடைந்து, வாத்தின் குரலென்று மயங்கத்தக்க ஓசையில் துணையை அழைக்கிறது. பனியுருகி நிரம்பிக் கோடையில் வற்றும் அக்குட்டைகளில் மீன் வாழ முடியாது. ஆதலால் முட்டைகளுக்குப் பாதுகாப்பு. ஏப்ரலின் முதல் வெதுவெதுப்பான மழையிரவில், மஞ்சள் புள்ளிகளையுடைய, பல்லி வடிவிலான சாலமண்டர்களும் தவளைகளும் கூட்டங்கூட்டமாய்ச் சாலையைக் கடந்து அங்கே செல்லும். கைவிளக்குடன் வந்து நின்று, அவை வண்டிச் சக்கரத்தில் சிக்காதபடி கையிலெடுத்து மறுபுறம் விடும் நல்லோர் அங்கே உண்டு.

இவையெல்லாம் நிகழும் நாட்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வை. அண்டை மாநிலமான மாசசூசெட்ஸில், கன்கார்டு ஊரில் தோரோ என்னும் அறிஞர் 1850களில் எந்தப் பூ எந்நாளில் மலர்ந்தது என்று குறித்து வைத்தார். பாஸ்டன் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் பிரைமாக் என்ற விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் அக்குறிப்புகளை இக்காலத்தோடு ஒப்பிட்டு, பூமி வெப்பமுற்றதால் அங்கே பூக்கள் பலவும் அக்காலத்தினும் முந்தியே மலர்கின்றன என்று நிறுவினார்கள். ஒரு தனிமனிதர் நாள்தோறும் நடந்து எழுதிய குறிப்புகளே பின்னர் விஞ்ஞானத்துக்குச் சான்றாயின. நீ எழுதும்போது தேதி, இடம், கண்டது என்ற மூன்றையும் தவறாமல் குறி. கேட்டதைக் கண்டதாக எழுதாதே.

ஏப்ரல் மாதத்து மழையிரவுகளில் காட்டோரச் சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டும்படி உன் தந்தையாரிடம் நான் சொன்னதாகச் சொல். சாலமண்டரைத் தூக்க நேர்ந்தால் கையில் எந்தத் தைலமும் பூசியிருக்கக் கூடாது, கை ஈரமாகவும் இருக்க வேண்டும். அதன் தோல் அத்தனை மென்மையானது.

உன் அன்புள்ள,
மாமா